சவுக்காரக் காகிதம்

எங்கள் அம்மாவுக்குக் காசு கொடுத்து வாங்கிய சாமானைவிடக் காசில்லாமல் வந்த சாமான்மேல்தான் பாசம் அதிகம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறி வீடுகள். எல்லாரும் ஒரே மாதிரி இழுத்துப் பிடித்துக் குடித்தனம் நடத்தியவர்கள்தான். ஆனாலும் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற வித்தையில் அம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. ஒரு ஆழாக்கு எண்ணெய் வேண்டுமென்றால் என்னை அரை ஆழாக்குக்கும், கொஞ்சம் பொறுத்து அக்காவை அரை ஆழாக்குக்கும் அனுப்புவாள். சேர்த்து வாங்கினால் கொசுறு ஒரு தரம், பிரித்து வாங்கினால் இரண்டு தரம். கொசுறாகக் கிடைத்த வெல்லத்தை வழியில் தின்றுவிடக் கூடாது. அது ஒரு சட்டியில் சேரும். எங்கள் வீட்டுப் பொங்கல் அந்தச் சட்டி வெல்லத்தில்தான் இனித்தது.

கத்தரிக்காய் வாங்கப் பொழுது சாய்ந்து, காய்க்காரி கூடையைத் தலைக்குத் தூக்குகிற நேரத்தில்தான் போவாள். மருந்து பாட்டிலைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் வைத்தியசாலையில் அதற்குக் கொஞ்சம் காசு திரும்பத் தருவார்கள் என்று தெரிந்ததும், காய்ச்சல் கண்ட வீடுகளுக்கெல்லாம் போய் விசாரித்துவிட்டு வரும்போது பாட்டிலோடு வந்தாள். நானோ வாய் திறக்காத பெண். கடை வாசலில் போய் நின்றால் கடைக்காரராகப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்கிறவரைக்கும் நின்றுகொண்டே இருப்பேன். அம்மா அதிலும் ஒரு லாபம் கண்டுபிடித்தாள். பாவம், ஊமைப் பெண் என்று எனக்கு மட்டும் கொசுறு கொஞ்சம் கூடுதலாக விழும்.

அந்த வருஷம் பங்குனியில் அக்காவை ஐயம்பேட்டையில் கொடுத்திருந்தார்கள். அவர்களும் நெசவுக்காரர்கள்தான். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளையின் தாயார் ஒரு டைம்பீஸ் கேட்டாள். அந்தத் தெருவில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாதாம், தன் வீட்டில் முதலில் வரவேண்டுமாம். அம்மா முடியாது என்று சொல்லவில்லை. ஆடிக்குள் செய்துவிடுகிறோம் என்றாள். அப்படி எதையும் ‘பிறகு’ என்று சொல்லி வைத்தால், அதற்குள் எங்கேயாவது மலிவாக மாட்டும் என்பது அவள் நம்பிக்கை.

ஆடி வந்தது. புதுப் பெண்ணை அழைத்து வர நைனா ஐயம்பேட்டைக்குப் போனார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவைக் கூட்டிக்கொண்டு திரும்பியவர், மாப்பிள்ளையின் தாயார் வாசலில் நின்று சொன்னதைத் தலையைக் குனிந்துகொண்டே அம்மாவிடம் ஒப்பித்தார்.

“திரும்பி வர்றப்ப பொண்ணு கையில கடிகாரம் இருக்கணுமாம். வெறுங்கையோட வந்தா வாசப்படி ஏத்த மாட்டாங்களாம்.”

ஆடி முடிந்தது. ஆவணியும் போயிற்று. ஐயம்பேட்டையிலிருந்து யாரும் அழைக்க வரவில்லை. அக்கா எங்களோடேயே இருந்தாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தலை பின்னிவிட ஆள் கிடைத்தது, பக்கத்தில் படுக்க ஆள் கிடைத்தது. அக்கா இராட்டையில் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய இழையைத் தாராகச் சுற்றிக்கொண்டே ஏதாவது முணுமுணுவென்று பாடுவாள். வந்த புதிதில் எலும்பும் தோலுமாக இருந்தவள், எங்கள் வீட்டு நொய்க்கஞ்சியிலேயே கொஞ்சம் பூசினாற்போல் ஆனாள். ஒரு வழக்கம் மட்டும் புதிதாக வந்திருந்தது. குளிக்கும்போது தட்டியை இழுத்து மூடிக்கொள்வாள். முன்னெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அண்டாவில் மொண்டு ஊற்றிக்கொண்டவர்கள். கல்யாணமானால் வெட்கம் வரும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

தெருவில் கேட்கத்தானே செய்வார்கள். தண்ணீர் எடுக்கிற இடத்தில் ஒருத்தி அம்மாவை மடக்கினாள்.

“இன்னாமா, ஆடிக்கு வந்த பொண்ணு அடுத்த ஆடிக்கும் இங்கியே இருந்துடுமா? போக வர வண்டிக் கூலி மிச்சம்னு கணக்குப் போட்டியா?”

அம்மா சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கினாள். வீட்டுக்கு வந்தபின் அந்தக் குடத்தை இறக்கி வைக்காமல் கொஞ்ச நேரம் இடுப்பில் வைத்தபடியே நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ராஜவீதியில் சவுக்காரக் கடை ஒன்று புதிதாக வந்தது. அப்போதெல்லாம் எங்கள் வீடுகளில் துணி துவைக்க உவர்மண்தான். ஏரிப்பக்கம் போனால் கூடை கூடையாக அள்ளி வரலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள். காகிதம் சுற்றிய சவுக்காரத்தை நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. அந்தக் கடை வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்னம் மார்க் சவுக்காரத்தின் மேல்காகிதம் நூறு கொண்டு வருவோர்க்கு டைம்பீஸ் ஒன்று இனாம்.

அம்மா நடுவீதியில் நின்றுவிட்டாள். “கடைசியா இன்னா போட்டிருக்குது? இன்னொரு தபா படி” என்றாள். நான் இன்னொரு தரம் படித்தேன். இனாம் என்ற இடம் வந்ததும் அவள் உதடும் கூடவே அசைந்தது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் தலைமேல் இரண்டு மணி கவிழ்த்த ஒரு டைம்பீஸ் இருந்தது. அது ஓடுகிற சத்தம் வாசலுக்கே கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

அம்மா போய்ச் சொன்னபோது நைனா தறியில் இருந்தார். கையை நிறுத்தாமலே, “நூறு சவுக்காரம் வாங்கற துட்டுக்குக் கடிகாரமே வாங்கிடலாமே” என்றார்.

“கடிகாரத்த வாங்கினா கூடவே சவுக்காரம் வருமா?”

எனக்கு அம்மா பேசினதுதான் நியாயமாகப் பட்டது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் சவுக்காரப் பேச்சுதான். அம்மா ஒரு யோசனை செய்தாள். கடையிலிருந்து வாங்கி வந்து, மேல்காகிதத்தை உரித்து எடுத்துக்கொண்டு, வெறும் சவுக்காரத்தைத் தெருவில் வாங்கின விலைக்குக் கொஞ்சம் குறைத்து விற்றாள். தோலுரித்த சவுக்காரம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. “உரிச்சது ஒண்ணு குடு” என்று வாசலில் வந்து கேட்பார்கள். கடையில் நேரே வாங்க ஆரம்பித்திருந்த வீடுகளிலிருந்து காகிதத்தை நான் போய் வாங்கி வர வேண்டும். வாசலில் நின்றால் போதும், அந்த ஊமைப் பெண் எதற்கு வந்திருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரியும். சிலர் கொடுத்தார்கள். சிலர் அதில் திருநீறு மடித்து வைத்திருந்தார்கள். விற்று நஷ்டப்பட்ட காசுக்கு அம்மா எங்கள் கஞ்சியில் இன்னும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

காகிதங்களைப் பத்திரப்படுத்துவது அக்காவின் வேலை. நீவி, அடுக்கி, ஒரு தகரப் பெட்டிக்குள் வைப்பாள். ஒரு நாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அடுப்பில் விறகு பற்றாமல் புகைந்துகொண்டிருந்தது. அக்கா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காகிதமாக எடுத்து நெருப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்னம் சுருண்டு கறுத்துப் போனதை நான் பார்த்தேன்.

“அய்யோ, அது கடிகாரக் காகிதம்க்கா.”

அக்கா திரும்பிப் பார்த்தாள். திடுக்கிட்ட மாதிரி இல்லை. “கிழிஞ்சதுடி அதெல்லாம். கிழிஞ்சது செல்லாது” என்றாள். அப்புறம், “அம்மாகிட்ட சொல்லாத. காலங்காத்தால அழும்” என்றாள்.

நான் சொல்லவில்லை. எனக்குச் சொல்லாமல் இருப்பது ஒரு கஷ்டமில்லை. ஆனால் அம்மா மறுநாள் எண்ணிப் பார்த்துவிட்டு, போன வாரம் எண்ணினதைவிடக் குறைகிறதே என்று விரலை மடக்கி மடக்கிக் குழம்பினாள். தனக்குத்தான் கணக்குத் தெரியவில்லை என்று கடைசியில் தீர்மானித்துவிட்டாள்.

கார்த்திகை வாக்கில், சேர்ந்தவரைக்கும் செல்லுமா என்று காட்டிக்கொண்டு வர அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துவைக்கிற கல்லில் கிடந்து நனைந்து காய்ந்த காகிதம், அது துவண்டு தொங்கியது. “இது காகிதமா, கந்தலா? கம்பெனிக்கு அனுப்பினா என்னியத்தான் திட்டுவான். மொடமொடப்பா இருக்கணும்மா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, “பாவுக்குப் போடற மாதிரி கஞ்சி போட்டா மொடமொடப்பா ஆயிடும்மா” என்றாள்.

நெசவு வீட்டில் பிறந்தவளுக்குத்தான் இப்படித் தோன்றும். தறியில் ஏற்றுகிற பட்டு இழைகளைத் தெருவில் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைத்தால் கம்பி மாதிரி விறைத்து நிற்குமே. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “இந்தப் புத்தி உனக்கு எங்கேந்துடி வந்தது” என்று அக்காவின் கன்னத்தைத் தடவினாள். அன்றைக்கு நொய்யைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, அக்காவே ஒவ்வொரு காகிதத்துக்கும் கஞ்சி தடவினாள். எங்களுக்குச் சாப்பிடக் கொஞ்சம் குறைந்தது. வெயிலில் காய்ந்ததும் காகிதமெல்லாம் புதுசு போல் விறைத்துக்கொண்டன. ஒன்றை உதறினால் படபடவென்று சத்தம் வந்தது.

கஞ்சி போட்ட பாவைத் தரையில் திறந்து வைக்கக் கூடாது, எலியும் கரப்பானும் தின்றுவிடும் என்பது எங்கள் தெருவில் நடக்கப் பழகின குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்காவுக்குத் தெரியாதா. ஆனால் மறுநாள் காலை பெட்டி தரையில் இருந்தது, மூடி பக்கத்தில் இருந்தது. உள்ளே அன்னங்களின் வால் மட்டும் அங்கங்கே மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் பொடிப்பொடியாக, கூடு கட்ட வைத்த பஞ்சு போல் கிடந்தது.

அம்மா அந்தப் பொடியை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். அவள் அழுதது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. சத்தம் போட்டு அழவில்லை. “எலிக்குக்கூட என் மேல இரக்கம் இல்லியே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் இராட்டையில் உட்கார்ந்து, பல நாளாக விட்டுவிட்டிருந்த அந்த முணுமுணுப்புப் பாட்டைப் பாடினாள். வருத்தமாக இருக்கிறவர்கள் பாடுவார்களா என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் பாடுகிறாள் என்று நினைத்தேன்.

பொங்கல் கழிந்ததும் ஐயம்பேட்டையிலிருந்து ஜரிகை வாங்க வந்த ஒருவரிடம் செய்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாசி பிறப்பதற்குள் பெண்ணும் கடிகாரமும் வந்து சேராவிட்டால் தங்கள் பிள்ளைக்கு வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறார்களாம். வந்தவர் சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நைனா தறியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அம்மா மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாடி” என்று என் கையைப் பிடித்தாள்.

சாயக்காரர் வீட்டுக்குப் போனோம். பசை போகாத பச்சைப் பட்டைச் சாயம் ஏற்றும் முன் சவுக்காரத் தண்ணீரில் போட்டு வேகவைப்பார்கள். அந்த வீட்டில் சவுக்காரம் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள் என்பது அம்மாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சாயக்காரரின் சம்சாரம் கொல்லையில் நீண்ட கழியால் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சிவப்பு.

“இன்னா, காகிதக்காரம்மா வந்துக்கீறா. எங்க வூட்டுக் காகிதம் வரைக்கும் வந்துட்டியா?”

“பொண்ணு வாழ்க்கைம்மா” என்றாள் அம்மா.

அவள் கழியை நிறுத்தினாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. விறகுக்குப் பின்னால் எரிப்பதற்காகத் திணித்து வைத்திருந்த ஒரு சாக்கை முகவாயால் காட்டினாள். “அள்ளிக்கினு போ. எரிச்சா புகைதான் வருது.”

சாக்கில் இருந்ததெல்லாம் அன்னம் மார்க்குதான். ஆனால் பாதிக்கு மேல் சாயம் பட்டது. அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துப் பச்சை. அம்மா அன்றைக்கே, அக்காவிடம் கொடுக்காமல், தானே நூறு எண்ணி அடுக்கி மடியில் கட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

கடைக்காரர் கட்டைப் பிரித்தார். “இதுல அன்னம் எங்கம்மா? செவப்புக் காக்காதான் இருக்குது.”

“அன்னம்தான் சாமி, எங்க ஊருக்கு வந்ததால சாயத்துல குளிச்சிட்டுது.”

“கறை பட்டது செல்லாதும்மா.”

“பலகையில கறைன்னு எழுதலியே. என் பொண்ணு படிச்சுச்சு. படிடி.”

கடையில் நாலைந்து ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் வெளியே போய்ப் பலகையைப் பார்த்து, என் ஆயுளில் முதல் தடவையாகப் பல பேர் கேட்கும்படி உரக்கப் படித்தேன். கறையென்று எங்கேயும் இல்லை. நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். “குடுத்துடுப்பா, எழுதிப் போட்டது நீதானே” என்றார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

வீடு வந்து சேரும்வரை நான்தான் டைம்பீசைச் சுமந்தேன். நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். அது எனக்குள்ளேயே ஓடியது. தெருவில் நுழைந்ததும், “அக்கா, இனாம் வந்தாச்சு” என்று கத்திக்கொண்டே ஓடினேன். அக்கா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இழை அறுந்துபோயிற்று. அதை முடிச்சுப் போடாமல் கையில் பிடித்தபடியே இருந்தாள். “நல்லா இருக்குதுடி” என்றாள்.

நல்ல நாள் பார்த்து ஐயம்பேட்டையிலிருந்து வண்டி வந்தது. மாப்பிள்ளை மாமாவும் அவருடைய தாயாரும் வந்தார்கள். மாமா வழக்கம்போல் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் தாயார் டைம்பீசைக் காதருகே வைத்துக் கேட்டாள். பின்பக்கம் திருப்பி, சாவியைத் திருகி, மணியை அடிக்க விட்டாள். அடித்த சத்தத்தில் எங்கள் வீட்டுப் பூனை ஓடிப்போயிற்று. அந்தம்மாவுக்குத் திருப்தி.

அம்மா கொல்லையில் அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அக்கா தானே குளித்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தாள். புருஷன் வீட்டுக்குப் போகிற நாளில் தாய்தான் எண்ணெய் வைக்க வேண்டும் என்று அம்மா விடவில்லை. நான் வெந்நீர் கொண்டு போய் வைத்தேன். அம்மா புதுச் சவுக்காரம் ஒன்றைப் பிரித்திருந்தாள். காகிதத்தோடு வாங்கி, எங்களுக்காகவே உரித்த சவுக்காரம் அது ஒன்றுதான். முதுகில் தேய்த்துக்கொண்டு வந்த அவள் கை நடுவில் நின்றுவிட்டது.

அக்காவின் முதுகில் கோடு கோடாகத் தழும்புகள் இருந்தன. சில வெளுத்து, சில கறுத்து.

“இன்னாடி இது” என்றாள் அம்மா, மெதுவாக.

“நாடா குத்திச்சும்மா.”

தறியில் இழைக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுமே, அந்த நாடாவைத்தான் சொன்னாள். அதன் முனை இரும்பு, பட்டால் காயம்தான். நைனாவின் கையில் அப்படிக் காயம் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்டும்விட்டேன்.

“நாடா முன்னாடிதானேக்கா ஓடும். முதுகுல எப்படிக் குத்தும்?”

உள்ளேயிருந்து, “ராகு காலத்துக்கு முன்ன கிளம்பணும்” என்று அந்தம்மாவின் குரல் கேட்டது. அம்மா மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். நுரை வந்து தழும்பெல்லாம் மூடுகிறவரைக்கும் தேய்த்தாள். வெந்நீர் தீர்ந்துபோயிற்று. பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். “போதும்மா, குளிருது” என்று அக்காதான் சொல்ல வேண்டியிருந்தது.

வண்டி கிளம்பியது. டைம்பீஸ் அந்தம்மாவின் மடியில் இருந்தது. அக்கா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தெருமுனை திரும்புகிறவரை நான் கையை ஆட்டினேன். அக்காவும் ஆட்டினாள்.

அம்மா வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, நைனாவின் தறிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ஏங்க, நாடா பின்னாடி எகிறுமா?”

நைனா நாடாவைக் கையில் எடுத்தார். முனையை விரலால் தடவிப் பார்த்தார். அதில் என்ன பார்க்கிறாரோ, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“வேகமா விட்டா தறிய வுட்டே எகிறிடும். எங்க வேணா போவும்” என்றார்.

“எகிறுமில்ல” என்றாள் அம்மா.

“எகிறும்.”

அம்மா உலை வைக்கப் போனாள். நைனா நாடாவைத் தறியில் வைத்தார், ஓட்டவில்லை. என் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது. நான் கொல்லைக்குப் போய், அங்கே ஈரத்தில் கிடந்த சவுக்காரத்தை வீணாகாமல் எடுத்து மாடத்தில் வைத்துவிட்டு, விளையாடப் போனேன்.